பதிமூன்று நாள்

பெருகவாழ்ந்தான் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில்
நான் பருவகாலப் பட்டியல் எழுத்தர்.
குறுவைக்கு ஒருமுறை வேலைக்குச் சேர்வேன்,
சம்பாவுக்கு ஒருமுறை.
நடுவில் நான் யார் என்பது
எந்தத் தாளிலும் இல்லை.

பத்து வருடமாகிறது.
முதல் வருடம் கொடுத்த நீலச் சட்டை
தோளில் கிழிந்து
இப்போது ஈரமானியைத் துடைக்கிறது.

மன்னார்குடி டீக்கடை பெஞ்சில் சங்கத்துக்காரர் சொன்னார்:
இருபத்துநாலு மாதத்தில் நானூற்று எண்பது நாள்
வேலை பார்த்ததாகக் காட்டிவிட்டால்
நிரந்தரம் கேட்கலாம்.
கேட்கலாம்தான், என்றார் மறுபடியும்,
முதலில் சொன்னதைக் கொஞ்சம் குறைத்து.

அன்றிரவு பிள்ளையின் கணக்கு நோட்டில்
கடைசிப் பக்கம் கிழித்துக் கூட்டினேன்.
செங்கமலம் மாதங்களை வாசித்தாள்,
நான் நாட்களைப் போட்டேன்.
நானூற்று அறுபத்தேழு.
கீழிருந்து மேலாகத் திரும்பக் கூட்டினோம்.
நானூற்று அறுபத்தேழு.
அவள் விளக்கை அணைக்காமல்
சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

அந்தப் பதிமூன்று நாள் எங்கே போனது என்று
எனக்குத் தெரியும்.
ஐப்பசிக் கடைசி. விடாமல் பெய்தது.
கொள்முதல் நிறுத்தம் என்று உத்தரவு வந்தது,
வருகைப் பதிவேடு பீரோவுக்குள் போனது.
நெல்லுக்கு உத்தரவு படிக்கத் தெரியாது.
வெளியே நாலாயிரம் சிப்பம் கிடந்தது.
நான், மூட்டை தூக்கும் பக்கிரிசாமி,
காவலுக்கு இருந்த அபூதாகிர்,
மூன்று பேரும் தார்ப்பாயின் மூலைகளைப் பிடித்துக்கொண்டு
பாமணியாற்றுப் பக்கமிருந்து வந்த காற்றோடு
மல்லுக்கு நின்றோம்.
நாலாவது மூலைக்குச் செங்கல்.
அபூதாகிர் தன் மூலையைக்
கணுக்காலில் கட்டிக்கொண்டே தூங்கினார்.
மழை விட்டதும் ஜீப்பில் வந்தவர்கள்
முளைத்துப்போன சாக்குகளை எண்ணி எழுதினார்கள்.
அவை மட்டும்தான் கணக்கில் வந்தன.

வேறு வேலை பார்க்கலாமே என்பார்கள்.
திருப்பூரிலிருந்து மைத்துனன் பேசினான்:
இங்கே வந்துவிடாதீர்கள் அத்தான்,
இருக்கிறவனையே வாரத்தில் மூன்று நாள்தான் கூப்பிடுகிறார்கள்.
தஞ்சாவூரில் ஓர் ஆஸ்பத்திரிக்கு வாட்ச்மேன் எடுத்தார்கள்,
எட்டாம் வகுப்பு போதும், ஆறு இடம்.
கேட்டிலிருந்து பெட்ரோல் பங்கு வரை வரிசை.
எனக்கு முன்னால் நின்றவன் கூத்தாநல்லூர்ப் பையன்,
இன்ஜினீயரிங் படித்தவன்.
பட்டச் சான்றிதழை
எட்டாம் வகுப்பு மார்க் ஷீட்டுக்கு அடியில் வைத்திருந்தான்.
தெரிந்தால் அனுப்பிவிடுவார்கள் அண்ணே, என்றான்,
திருடியதைச் சொல்வதுபோல.

என்னிடம் அனுபவச் சான்று கேட்டார்கள்.
மேலாளரிடம் முன்பே கேட்டிருந்தேன்,
பருவம் முடியட்டும் என்றார்.
பருவம் முடிந்து போய் நின்றால்
இப்போது நீ இங்கே வேலையில் இல்லையே என்றார்.
பொய் சொல்லவில்லை, பாவம்.

புரட்டாசி பிறந்து, நேற்று ராத்திரி போன் வந்தது:
நாளைக்கு வந்துவிடு.
எத்தனை நாளைக்கு என்று நானும் கேட்கவில்லை,
அவரும் சொல்லவில்லை.

இன்று முதல் டோக்கன் தையல்நாயகி அம்மாள்.
நாலு மா குத்தகை,
அடங்கலை மஞ்சள் பையில் சுருட்டி வைத்திருந்தார்.
கருக்கா அதிகமில்லை. நல்ல நெல்.
ஒரு பிடி எடுத்து ஈரமானியில் போட்டேன்.
பதினேழு வரை வாங்கலாம்.
பதினேழு புள்ளி நாலு காட்டியது.
இன்னும் ஒரு நாள் காயவைத்துக் கொண்டுவாங்க
என்று சொல்ல வேண்டும்,
அப்படித்தான் பத்து வருடமாகச் சொல்கிறேன்.
வடக்கே மன்னார்குடிப் பக்கம் கருத்துக்கொண்டு வந்தது.
புள்ளி நாலுதானே தம்பி, என்றார்,
என்னிடமா மெஷினிடமா தெரியவில்லை.

சட்டைத் துணியால் கண்ணாடியைத் துடைத்தேன்.
பதினேழு என்று எழுதினேன்.

குடோனில் எடை குறைந்தால்
என் கூலியில் பிடிப்பார்கள்.
பிடிக்கட்டும்.
பிடிப்பதற்காவது
என் பெயரை எங்கேயோ ஒரு பக்கத்தில்
எழுதியாக வேண்டும்.